முதலில் புளிப்பு: பிலிப்பைன்ஸ் பண்பாட்டை ரசிக்கத் தொடங்குபவர்களுக்கு

துபாயில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்மணி இருந்தார். அவரைவிடச் சின்னவர்கள் எல்லோரும் அவரை ‘ஆத்தே’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வாரம் எனக்கு அது மதுரைப் பக்கத்து ‘ஆத்தே!’ மாதிரியே கேட்டது. எதைப் பார்த்து இப்படிப் பதறுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் மொழியில் ஆத்தே என்றால் அக்கா. அண்ணனுக்குக் ‘கூயா’. கூடப் பிறந்தவர்களுக்கு மட்டும் இல்லை, கடைக்காரர், டிரைவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாருக்கும் பொருந்தும். நாமும் அப்படித்தானே அண்ணே, அக்கா என்கிறோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆத்தே என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். காரெ-காரெ என்ற குழம்பு. வறுத்த வேர்க்கடலையையும் வறுத்த அரிசியையும் அரைத்து விட்டு, வாழைப்பூ, கத்தரிக்காய், நீளப் பயற்றங்காய் எல்லாம் போட்டுக் கெட்டியாகச் செய்வது. வழக்கமாக மாட்டுவாலில் செய்வார்கள். எனக்காகக் கோழியில் செய்திருந்தார். ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை. பாவம், பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிட்டார் போல என்று நினைத்து, முகத்தில் எதையும் காட்டாமல் பாதித் தட்டைக் காலி செய்துவிட்டேன். அப்போதுதான் அவர் கவனித்தார். ஓரத்தில் இருந்த சின்னக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, “இதைத் தொட்டுக்காமல் ஏன் சாப்பிடுகிறாய்?” என்றார். கிண்ணத்தில் ஊதாவும் பழுப்புமாக, உப்பு கரிக்கும் இறால் விழுது. பாகோஓங் என்று பெயர். நகக்கண் அளவு எடுத்துக் குழம்புச் சோற்றில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். அதுவரை வெறும் மாவாக இருந்தது சட்டென்று குழம்பாகிவிட்டது.

உப்பை அவர் மறக்கவில்லை. அந்தக் குழம்பே அப்படித்தான். சமைப்பவர் ஒரு படி பாக்கி வைத்துவிடுவார். அதைச் சாப்பிடுபவர் முடிக்க வேண்டும். முடிப்பதற்காக மேசையில் வைக்கும் கிண்ணங்களுக்குச் ‘சவ்சவான்’ என்று பெயர். சவ்சாவ் என்றால் தோய்ப்பது.

இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பிலிப்பைன்ஸ் பண்பாட்டில் பாதி தூரம் போய்விடலாம் என்பது என் எண்ணம். அந்த நாட்டைப் பற்றி வெளியில் இருக்கும் பேச்சு வேறு மாதிரி. ஸ்பெயின் 1565 முதல் 1898 வரை ஆண்டது, அதன்பின் அமெரிக்கா, நடுவில் சில வருஷம் ஜப்பான், 1946-இல் சுதந்திரம். அதனால் அங்கே சொந்தமாக என்ன இருக்கிறது, எல்லாம் இரவல்தானே என்பார்கள். ‘முந்நூறு வருஷம் கன்னிமாடத்தில், ஐம்பது வருஷம் ஹாலிவுட்டில்’ என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வதும் உண்டு. வந்தது என்னவோ உண்மைதான். ஆனால் எதையும் வந்தபடியே விட்டார்களா என்று பாருங்கள். கடைசிப் படியை எப்போதும் தங்கள் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, சாப்பாட்டிலிருந்தே போவோம்.

புளிப்பில் எத்தனை விதம்

தாய்லாந்துச் சாப்பாடு என்றால் காரம், கொரியா என்றால் கிம்ச்சி என்று மனதில் ஒன்று வந்து நிற்கும். பிலிப்பைன்ஸுக்கு நிற்க வேண்டியது புளிப்பு. அவர்களுடைய தகலோக் மொழியில் ‘ஆசிம்’.

சினிகாங் என்பது அவர்கள் வீட்டு ரசம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு முழுச் சாப்பாட்டுக்கான ரசம். பன்றி விலா, மீன், இறால் ஏதாவது ஒன்று. வெங்காயம், தக்காளி, கொதித்துக் கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும் சேப்பங்கிழங்கு, முள்ளங்கி, பயற்றங்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய், கீறாத ஒரு நீள பச்சை மிளகாய், இறக்கும்போது ஒரு கைப்பிடி வள்ளைக்கீரை. சாற்றுக்குப் பச்சைத் தண்ணீர் விடாமல், அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரை விடுவார்கள். இதைப் படிக்கும்போதே நம் ஊர்ப் பாட்டிகள் யாராவது ‘அதில்தானே நாங்களும் புளி கரைப்போம்’ என்று சொல்லியிருப்பார்கள்.

புளி என்றதும் நமக்கு மனதில் வருவது கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, பானையில் அடைத்துக் கறுத்த பழம்புளி. சினிகாங்குக்கு அது ஆகாது. பச்சைப் புளியங்காயை அப்படியே வேகவைத்து, மசித்து, சாற்றைப் பிழிந்து விடுவார்கள். நம் புளியில் ஒளிந்திருக்கும் இனிப்பும் பழுப்பு நிறமும் அதில் இருக்காது. சாறு தெளிவாக, பல் கூசும்படி இருக்கும். புளியங்கொழுந்தைப் போட்டுக் கோழி சமைப்பதும் உண்டு. புளியமரத்துக்கு அவர்கள் சொல் சம்பாலோக். மணிலாவில் அதே பெயரில் ஒரு பேட்டையே இருக்கிறது. சென்னையில் புளியந்தோப்பு இல்லையா, அதுபோல.

புளி கிடைக்காவிட்டால் மாங்காய். அதுவும் இல்லாவிட்டால் காமியாஸ். நம்மூரில் புளிச்சக்காய் என்றும் பிலிம்பி என்றும் சொல்கிறோமே, அதுதான். விசாயா தீவுகளில் பாத்துவான் என்றொரு காய். கொய்யாப்பழம் போட்டுச் செய்யும் சினிகாங்கும் உண்டு. வாசனை வீடு முழுக்க நிற்கும். புளிப்பு எதிலிருந்து வருகிறது என்பதற்கு விதி இல்லை. புளிப்பு வர வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் காடி. நமக்கு வினிகர் என்றால் ஊறுகாய்க்கோ, ஹோட்டல் மேசையில் நூடுல்ஸுக்கோ வருகிற வெள்ளைத் தண்ணீர். அங்கே தென்னங்கள்ளைப் புளிக்கவிட்ட காடி வேறு, சதுப்பு நிலத்து நீப்பாப் பனையின் காடி வேறு, வடக்கே இலோக்கோஸ் பகுதியில் கரும்புச் சாற்றில் செய்யும் கறுத்த காடி வேறு. மீன் பிடித்த கையோடு பச்சை மீனைத் துண்டாக்கி, காடியும் இஞ்சியும் வெங்காயமும் போட்டு ஊறவைப்பது கினிலாவ். அடுப்பே இல்லாமல் அமிலம் மீனைப் பதப்படுத்தி வெள்ளையாக்கிவிடும்.

அடோபோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரவல் வழக்கில் முதல் சாட்சி அதுதான். பெயர் ஸ்பானியச் சொல். ஊறவைப்பது என்று பொருள். ஆனால் ஸ்பெயினில் அடோபோ என்றால் மிளகாய்ப்பொடி, பூண்டெல்லாம் சேர்த்து இறைச்சியை ஊறவைப்பது. இங்கே அது காடியும் பூண்டும் மிளகும் பிரியாணி இலையும் போட்டு வேகவைத்துச் சுண்டவைப்பது. வெக்கையான தீவுகளில் கறி கெடாமல் இருக்க இந்த ஜனங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த சமையல். வந்த பாதிரிகள் பார்த்துவிட்டு, தங்களுக்குத் தெரிந்த பெயரை ஒட்டினார்கள். 1613-இல் அச்சான ஒரு தகலோக் அகராதியிலேயே இதை ‘உள்ளூர்க்காரர்களின் அடோபோ’ என்று குறித்திருக்கிறார்கள். எழுதியவருக்கே அது தன் ஊர் அடோபோ இல்லை என்று தெரிந்திருக்கிறது! பிறகு சீன வியாபாரிகளின் சோயா சாஸ் அதில் ஏறி, இன்று நாம் பார்க்கும் பழுப்பு நிறம் வந்தது. சோயா போடாத வெள்ளை அடோபோ இன்னும் உண்டு. மஞ்சள் போட்டது உண்டு, தேங்காய்ப்பால் விட்டது உண்டு. எது சரி என்று இரண்டு பேரைக் கேட்டால் சண்டை வரும்; சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று நம்மிடம் கேட்டால் வருகிற அதே சண்டை.

ஆத்தே சொல்லிக்கொடுத்த ஒரே சமையல் விதி: காடியை விட்டதும் கரண்டியை எடுக்காதே. கொதி வந்து பச்சை வாடை போகும் வரை கிளறக் கூடாது. கிளறினால் காடி ‘வேகாது’ என்பார். வேதியியல் என்ன சொல்லுமோ, இரண்டு முறை கிளறிக் கெடுத்தபின் நான் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன்.

நெல், அரிசி, சோறு

ஆங்கிலத்தில் வயலில் இருந்தாலும் மூட்டையில் இருந்தாலும் தட்டில் இருந்தாலும் ஒரே சொல்தான். தமிழில் நெல், அரிசி, சோறு. தகலோக்கில் பாலாய், பிகாஸ், கானின். அடிப்பிடித்த காந்தலுக்கு ஒரு சொல், முந்தின நாள் சோற்றுக்கு ஒரு சொல். அந்தப் பழைய சோற்றைத்தான் காலையில் பூண்டு நிறையத் தட்டிப் போட்டு வறுத்து, முட்டையோடும் கருவாட்டோடும் சாப்பிடுகிறார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது எதுவானாலும் அதன் பெயர் ஊலாம். திருநெல்வேலிக்காரர்களுக்கு வெஞ்சனம் என்றால் உடனே புரியும்.

இப்படி ஒப்பிட ஆரம்பித்தால் நிற்காது. மாங்காய்க்கு அவர்கள் சொல் ‘மங்கா’. முருங்கைக்கு ‘மலுங்கை’, இஞ்சி போட்ட தினோலா என்ற கோழிச் சாற்றில் அந்தக் கீரையைக் கடைசியில் தூவுவார்கள். முகத்துக்கு ‘முக்கா’, ஆசிரியருக்கு ‘குரோ’. தேசிய மலர் சம்பகிடா என்று 1934-இல் அறிவித்தார்கள். அது வேறொன்றும் இல்லை, நம் குண்டுமல்லி. மணிலாவில் சர்ச் வாசலில் சிறுபிள்ளைகள் அதைச் சரமாகக் கட்டி விற்கிறார்கள். வண்டிக் கண்ணாடியில் தொங்குகிறது, சாமி சிலையின் கழுத்தில் தொங்குகிறது.

உடனே ‘உலகம் முழுக்கத் தமிழ்’ என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட வேண்டாம். இந்தச் சொற்கள் பெரும்பாலும் மலாய் வியாபாரிகளின் வாய் வழியாகவும், ஜாவா, சுமத்ரா வழியாக வந்த சமஸ்கிருதத்தின் வழியாகவும் கை மாறிப் போனவை. 1989 வாக்கில் மணிலாவுக்குத் தெற்கே லகூனாவில் ஆற்று மணலிலிருந்து ஒரு செப்புத்தகடு கிடைத்தது. அதில் இருப்பது நம் நாட்டுச் சக ஆண்டுக் கணக்கில் 822, அதாவது கி.பி. 900. எழுத்து ஜாவாவின் கவி எழுத்து. ஒருவருடைய கடன் தீர்ந்தது என்பதற்கான ரசீது அது. ஸ்பானியர் வருவதற்கு அறுநூற்றுச் சொச்சம் வருஷங்களுக்கு முன்பே அங்கே சக ஆண்டில் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்பது, ‘எல்லாம் ஸ்பெயின் கொடுத்தது’ என்பவர்களுக்குப் போதுமான பதில்.

நேரடியான சென்னைத் தொடர்பு ஒன்றும் உண்டு. அது பலருக்குத் தெரியாது. 1762-இல் ஸ்பெயினோடு சண்டை வந்தபோது ஆங்கிலேயர்கள் மதராஸிலிருந்து கப்பல் படை அனுப்பி மணிலாவைப் பிடித்தார்கள். அதில் இந்தியச் சிப்பாய்களும் போனார்கள். 1764-இல் ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படை கிளம்பியது. சிப்பாய்களில் ஒரு பகுதியினர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கயின்தா என்ற ஊரில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அந்த ஊரில் அந்த வம்சாவளியைச் சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஊர் நினைப்பில் அவர்கள் கறி சமைக்கப் பார்த்து, கையில் கிடைத்ததைப் போட்டதில் பிறந்ததுதான் காரெ-காரெ என்று ஒரு கதை. கதைதான், ஆதாரம் கிடையாது. நான் உப்பில்லை என்று நினைத்த குழம்பை என் ஊர்க்காரன் ஒருவன்தான் ஆரம்பித்து வைத்தான் என்று நம்ப எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

குழாய்ப் புட்டும் கொண்டை ஊசியும்

கிறிஸ்துமஸ் அங்கே செப்டம்பரில் தொடங்கிவிடும். மாதப் பெயரின் கடைசியில் ‘பர்’ வந்தாலே பாட்டுப் போட்டுவிடுவார்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், விடியுமுன் பூசை. மார்கழிக் காலையில் கோயில் வாசலில் பொங்கலுக்கு நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பூசை முடிந்து இருட்டில் வெளியே வந்தால், ஒரு பக்கம் பிபிங்கா: வாழையிலை விரித்த மண்சட்டியில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, கீழேயும் தணல், மேல் மூடியிலும் தணல். இன்னொரு பக்கம் ஆவி பறக்கும் மூங்கில் குழாய்கள்.

புத்தோ பும்போங். பும்போங் என்றால் மூங்கில் குழாய். ‘புத்தோ’ என்பது மலாயின் ‘புத்து’. அது எந்த ஊர்ச் சொல் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊதா நிற ஒட்டரிசி மாவைக் குழாயில் திணித்து ஆவியில் வேகவைத்து, தட்டினால் விரல் கனத்துக்கு நீளமாக வந்து விழும். மேலே வெண்ணெய், தேங்காய்ப்பூ, நாட்டுச் சர்க்கரை. நம் குழாய்ப் புட்டு உதிரும்; இது ஒட்டும், இழுபடும். கடலையும் பப்படமும் வைத்துச் சாப்பிட்ட நாக்குக்கு முதலில் ஒரு திகைப்பு. இரண்டாவது வாயில் சரியாகிவிடும்.

அந்த மாதம் முழுக்க வீட்டுக்கு வீடு தொங்குவது பாரோல். நமக்குத் தெரிந்த ஜெயில் பரோல் இல்லை. மூங்கில் சட்டத்தில் வண்ணத் தாள் ஒட்டிய நட்சத்திர விளக்கு. சொல் ஸ்பானிய ‘ஃபாரோல்’. விளக்கு என்ற சொல் மட்டும்தான் ஸ்பெயினுடையது. பம்பாங்கா மாகாணத்தின் சான் ஃபெர்னாண்டோவில் இதை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள் என்றால், ஒவ்வொரு விளக்கும் சுமார் 20 அடி விட்டம், லாரியில்தான் ஏற்ற வேண்டும், உள்ளே ஆயிரக்கணக்கில் பல்புகள். பேண்டு வாத்தியத்துக்கு ஏற்ப அவை விரிகின்றன, சுழல்கின்றன, பூவாகி நட்சத்திரமாகி மறைகின்றன. இதைக் கணினிதான் இயக்குகிறது என்று முதலில் நினைத்தேன். இல்லை. பின்னால் ஒரு இரும்பு பீப்பாய் படுத்துக் கிடக்கிறது. அதன் மேல் வரிசை வரிசையாகக் கொண்டை ஊசிகள் உரசி நிற்கின்றன. ஒவ்வொரு ஊசியிலிருந்தும் ஒரு கம்பி ஒரு பல்பு வரிசைக்குப் போகிறது. பீப்பாய் மேல் எங்கே காகித நாடா ஒட்டியிருக்கிறதோ அங்கே மின்சாரம் தடைபடும், நாடா இல்லாத இடத்தில் பாயும். ஆட்கள் பீப்பாயைக் கையால் உருட்டுகிறார்கள். நடனம் முழுவதும் அந்த நாடா ஒட்டிய கணக்கில் இருக்கிறது. பெண்கள் தலையில் செருகும் கொண்டை ஊசியை வைத்து ஒருவன் இதை யோசித்தானே என்பதை நினைத்தால், ஐரோப்பியப் பெரிய கோயில்களைப் பார்க்கும்போது வராத ஒரு மரியாதை எனக்கு வருகிறது.

ஜீப்னியும் அதே ரகம். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்புகளை வாங்கி, பின்பக்கம் நீட்டி, எதிரெதிரே இரண்டு நீள பெஞ்சு போட்டு, கூரை வேய்ந்து பஸ்ஸாக்கினார்கள். 1953-இல் மணிலா அருகே ஜீப்னிப் பட்டறை தொடங்கிப் பெயர் பெற்ற சராவோ, அதற்கு முன் குதிரைவண்டி ஓட்டியவர். முகப்பில் வெள்ளிக் குதிரைகள், பக்கவாட்டில் மாதாவும் பெற்ற பிள்ளைகளின் பெயரும், நம் லாரி ஓவியர்கள் பொறாமைப்படும் வண்ணம். ‘காத்தாஸ் நங் சவூதி’ என்று சில வண்டிகளில் எழுதியிருக்கும்: சவூதியின் சாறு. பாலைவனத்தில் பிழிந்தெடுத்த சம்பளத்தில் வாங்கிய வண்டி என்று அர்த்தம். வளைகுடாவில் கொஞ்ச நாளாவது இருந்தவர்களுக்கு அந்த இரண்டு சொல் போதும்.

ஜீப்னியில் நடத்துநர் கிடையாது. கடைசியில் உட்கார்ந்திருப்பவர் சில்லறையை நீட்டி “பாயாத் போ” என்பார். முன்பின் தெரியாத நாலைந்து கைகள் வழியாக அது டிரைவரிடம் போகும், மீதிச் சில்லறை அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். இறங்க வேண்டுமானால் “பாரா போ”.

இந்தப் ‘போ’ தமிழ்க் காதுக்கு ஒரு சோதனை. நன்றி சொல்லும்போதும் “சலாமத் போ” என்பார்கள். நன்றி சொல்லி ஏன் துரத்துகிறார்கள் என்று தோன்றும். அது நம் ‘ங்க’. சரி என்பதற்கும் சரிங்க என்பதற்கும் உள்ள வித்தியாசம் எதுவோ, அதுதான். பெரியவர்களைப் பார்த்தால் குனிந்து அவர்கள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வது இன்னொரு வழக்கம். மானோ என்று பெயர். கையை நீட்டுவதே பெரியவரின் ஆசீர்வாதம். சந்தித்ததும் முதல் கேள்வி “சாப்பிட்டாச்சா?” என்பதை நான் தனியாக எழுதவில்லை, ஊகித்திருப்பீர்கள்.

பார்க்க வேண்டிய இரண்டு

ஓவியம் என்றால் மணிலாவின் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தில், நுழைந்ததும் ஒரு சுவரையே அடைத்து நிற்கும் ஸ்போலியாரியம். பிலிப்பைன்ஸ் ஓவியர் ஹுவான் லூனா ரோமில் இருந்தபோது வரைந்தது. 4 மீட்டருக்கு மேல் உயரம், 7 மீட்டருக்கு மேல் அகலம். 1884-இல் மாட்ரிட் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. படத்தில் பிலிப்பைன்ஸ் எங்கேயும் இல்லை. ரோமானிய விளையாட்டரங்கில் செத்த வீரர்களின் உடல்களை இருட்டறைக்குள் இழுத்துப் போகிறார்கள், ஒரு பெண் தரையில் சரிந்து கிடக்கிறாள். பாணி, பொருள், பயிற்சி எல்லாம் ஐரோப்பா. ஆனால் ஆளும் நாட்டின் தலைநகரில் அதன் முன் நின்ற பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் இழுபடும் அந்த உடல்களில் தங்கள் நாட்டைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், இன்று அந்த நாடு தேசிய வீரராகக் கொண்டாடும் எழுத்தாளர் ஹோசே ரிசால். அவரை 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் ஸ்பானிய அரசு சுட்டுக்கொன்றது. லூனா வரைந்து வைத்தார், பார்த்தவர்கள் பொருளை முடித்துக்கொண்டார்கள். காரெ-காரெக் கிண்ணம் எனக்கு இங்கேயும் தெரிகிறது.

இன்னொன்றில் இரவல் பேச்சுக்கே இடமில்லை. தெற்கே மின்டனாவோ தீவில் லேக் செபுவைச் சுற்றி வாழும் திபோலி மக்கள் நெய்யும் தினாலாக் துணி. நூல் பருத்தி இல்லை. அபாக்கா, வாழைக்குச் சொந்தக்கார மரம். அதன் மட்டையை உரித்து நாராக்கி, மயிரிழையாகக் கிழித்து, முடிச்சுத் தெரியாமல் முனைக்கு முனை கட்டுகிறார்கள். தறியில் ஏற்றுமுன்பே எங்கே சாயம் ஏறக் கூடாதோ அங்கே கட்டுப் போட்டுவிடுவார்கள். நம் சுங்குடியில் நெய்த துணியைக் கட்டுகிறோம். இவர்கள் நெய்யாத நூலையே கட்டுகிறார்கள். கறுப்பு, சிவப்பு, சாயம் ஏறாத நாரின் வெளிர்நிறம், மூன்றே நிறம். நெய்து முடிந்ததும் சோழியை வைத்து அழுத்தித் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள்.

கோலத்துக்கு வரைபடம் கிடையாது. அபாக்காவின் தெய்வமான ஃபூ தாலு கனவில் காட்டுவதை நெசவாளி நினைவிலிருந்து கட்ட வேண்டும். லாங் துலாய் என்ற பாட்டி நூறு கோலங்களை நினைவில் வைத்திருந்தார் என்கிறார்கள். 1998-இல் அரசு அவருக்கு நாட்டின் மரபுக்கலைஞர்களுக்கான உயர்ந்த விருதைக் கொடுத்தது. 2015-இல் இறந்தார். தறியில் கிடக்கும் துணியை யாரும் தாண்டக் கூடாது. விமான நிலையக் கடைகளில் அதே கோலத்தை அச்சடித்த பைகள் விற்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். கையால் நெய்ததா என்று பார்க்க எளிய வழி, திருப்பிப் பார்ப்பது: நூலே சாயம் ஏறியது என்பதால் இரண்டு பக்கமும் கோலம் ஒன்றாக இருக்கும்.

எங்கே தொடங்குவது

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கஷ்டம். காய்கறிக் கூட்டு என்று வருவதிலும் இறால் விழுது இருக்கும். தாஹோ கிடைத்தால் விடாதீர்கள். இளஞ்சூட்டில் நெகிழ்ந்த சோயாத் தயிர், மேலே வெல்லப்பாகும் ஜவ்வரிசியும். காலையில் காவடி மாதிரித் தோளில் இரண்டு வாளி தொங்க, “தாஹோஓஓ” என்று தெருவில் கூவி வருவார்கள். அப்புறம் ஹாலோ-ஹாலோ. பெயருக்கே ‘கலக்கு, கலக்கு’ என்றுதான் அர்த்தம். போருக்கு முன் மணிலாவில் கடை வைத்திருந்த ஜப்பானியர்கள் துருவிய ஐஸில் இனிப்புப் பயறு போட்டு விற்றார்கள். பிறகு அதில் பலாச்சுளை, வாழைப்பழம், தேங்காய், ஜெல்லி, ஊதா நிற ஊபேக் கிழங்கு அல்வா, முட்டைப் புட்டிங் என்று ஒவ்வொன்றாக ஏறிவிட்டது. நீளக் கண்ணாடி டம்ளரில் அடுக்கடுக்காக வரும். அழகாக இருக்கிறதே என்று மேலாக எடுத்துச் சாப்பிடக் கூடாது. அடிவரை கரண்டி விட்டுக் கலக்கி நாசமாக்க வேண்டும். அதுவும் உங்கள் வேலை.

அசைவம் சாப்பிடுபவர் வீட்டிலேயே சினிகாங் வைத்துப் பார்க்கலாம். எல்லாக் காயும் நம் சந்தையில் இருக்கிறது. புளியங்காய் கிடைக்காத மாதத்தில் மாங்காயோ பிலிம்பியோ போதும். மீன் போட்டால் கால் மணி நேர வேலை.

ஊருக்கு வந்தபோது அப்படி ஒருநாள் நான் வைத்தேன். அரிசி களைந்த தண்ணீர், புளியங்காய், வாளைமீன், வள்ளைக்கீரைக்குப் பதில் சிறுகீரை. இறக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போய்த் திரும்பினால், அடுக்களையில் சடசடவென்று சத்தம். அம்மா கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். “வெறுந்தண்ணியா இருந்துச்சு” என்றார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பிட்டோம், நன்றாகவே இருந்தது.

ராத்திரி ஆத்தேக்குப் போன் போட்டு, கொஞ்சம் தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னேன். கடுகு, வெந்தயம் எல்லாவற்றையும் சொன்னேன். சினிகாங்கில் யாரும் அதைப் போட மாட்டார்கள் என்று எனக்கே தெரியும். அவர் கடுகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“மாஆசிம் பா?” என்றார். புளிப்பா இருந்துச்சா?